பர்ன்லியில் பள்ளியும் பழைய ஆலையும்: பிள்ளைக்கு எதைக் காட்டுவது?

மலர்விழி

வணக்கம். இங்கிலாந்தின் லங்காஷயரில், ஒரு காலத்தில் பருத்தி நெசவு ஊராக இருந்த பர்ன்லிக்கு நாங்கள் குடிவந்து கொஞ்ச காலமாகிறது. இவருக்கு மருத்துவமனையில் வேலை, நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் ஈரோடு. மகளுக்கு ஒன்பது வயது. இந்தப் பருவத்தில் அவள் பள்ளியில் உள்ளூர் வரலாறு என்று ஒரு பாடம். நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தது இரண்டே தாள். ஒன்றில் ஆலைப் புகைபோக்கிக்கு வண்ணம் தீட்ட வேண்டும். இன்னொன்றில் தலையில் சால்வை போர்த்திய நெசவாளிப் பெண், கீழே கோடிட்ட இடங்கள். பருத்தி எங்கிருந்து வந்தது? அமெரிக்கா. துணி எங்கே போனது? உலகம் முழுவதும். ஆலைகள் ஏன் மூடின? வெளிநாட்டுப் போட்டி. அவ்வளவுதான்.

"வெளிநாடுன்னா நம்ம ஊராம்மா?" என்று கேட்டாள். சட்டென்று என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். இந்தத் தாளைத் தாண்டி இவளுக்கு ஊரைக் காட்ட எங்கே கூட்டிப் போகலாம்? அப்புறம், இதற்கெல்லாம் மெனக்கெடத்தான் வேண்டுமா, இல்லை கணக்கையும் ஆங்கிலத்தையும் கவனித்தால் போதுமா? அடுத்து உயர்நிலைப் பள்ளி வேறு தேட வேண்டும்.

தறிக்காரன்_மகன்

சகோதரி, முதல் கேள்விக்குப் பதில் உங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. ஹார்ல் சைக்கில் குவீன் ஸ்ட்ரீட் மில். நான் குமாரபாளையத்துக்காரன், விசைத்தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். இப்போது லீட்ஸ் பக்கம் இருக்கிறேன். இங்கிலாந்தில் நான் பார்த்த கோட்டை கொத்தளம் எதுவும் அந்த ஆலை அளவுக்கு மனதில் நிற்கவில்லை.

1894-ல் கம்பெனி தொடங்கி அடுத்த வருடம் ஓட ஆரம்பித்த ஆலை. தனி முதலாளி கட்டியதில்லை. ஊர்க்காரர்களும் நெசவாளிகளும் ஐந்து ஐந்து பவுண்டாகப் பங்கு போட்டுக் கட்டியது. நீராவியில் ஓடிய நெசவுக் கொட்டகை என்று உலகத்தில் தேடினால் இப்படி முழுதாக மிஞ்சியது இதுதான். முந்நூற்றுச் சொச்சம் 'லங்காஷயர்' வகை விசைத்தறிகள் வரிசை கலையாமல் நிற்கின்றன. 500 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று. முதலில் அதற்கு வைத்த பெயர் 'ப்ரூடன்ஸ்' (நிதானம்). முதல் உலகப் போர் முடிந்ததும் 'பீஸ்' (சமாதானம்) என்று மாற்றிவிட்டார்கள். 1982-ல் ஆலையை மூடினார்கள், 1986-ல் மியூசியமாகத் திறந்தார்கள்.

கொட்டகைக்குள் போனதும் மேலே பாருங்கள். ரம்பப்பல் கூரையில் கண்ணாடி அத்தனையும் வடக்குப் பார்த்தது. நேர் வெயில் பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலின்) மேல் விழக் கூடாது, வெளிச்சம் மட்டும் ஒரே சீராக இறங்க வேண்டும். மேலே சுற்றும் தண்டிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஒரு தோல் பெல்ட். தறியின் பக்கச் சட்டத்தில் பெம்பர்ட்டன், ஹார்லிங் அண்ட் டாட் என்று வார்ப்பில் பெயர் இருக்கும். இரண்டுமே பர்ன்லிக் கம்பெனிகள். துணி நெய்த ஊர் தறியையும் தானே வார்த்தது. நான் போன அன்று ஒன்றிரண்டு தறியை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். நாடாவை (ஊடை நூலோடு குறுக்கே ஓடுவதை) அடிக்கும் கட்டை, அதன் நுனியில் நாடாவைத் தள்ளும் எருமைத்தோல் பிக்கர், வெட்டி இழுக்கும் தோல்வார் எல்லாம் என் அப்பா ஓட்டிய தறியில் இருந்தவைதான். ஓட்டிய அம்மாவிடம் பிக்கர் தேய்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நான் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அரைமணி நேரம் பேச்சு.

நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றுவதை அவசியம் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுப்பார்கள். ஒருவர் வாய் வைத்ததில் அடுத்தவரும் வைக்க வேண்டும். பல் போகும், நோய் ஒட்டும். எங்கள் ஊரிலும் இது நடந்ததுதான். சத்தத்தில் காது அடைத்துப்போவதால் நெசவாளிப் பெண்கள் உதட்டை அகல அசைத்தே பேசிக்கொள்வார்கள். அதற்கு 'மீ-மோயிங்' என்று பெயர். மகளுக்கு இது பிடிக்கும்.

காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள்.

கால்வாயோரம்

தறிக்காரன் தம்பி சொன்ன இடத்துக்குப் போங்கள், அதில் மறுபேச்சில்லை. நான் பாடசாலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். லங்காஷயரில் நீண்ட காலம் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சொந்த இடம் சாவகச்சேரி.

ஆலையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை "சத்தம் பெரிது, எஞ்சின் பெரிது" என்று எழுதும். அதற்குமேல் எழுதுவதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது. வகுப்பில் எனக்கு எப்போதும் கைகொடுத்தது ஆலையைவிடப் பாடசாலைதான். உங்கள் மகள் உட்காரும் வகுப்பறைக்கே ஒரு சரித்திரம் உண்டு. அதை அந்தத் தாள் தொடவேயில்லை.

இந்த ஊர்களில் ஒரு காலத்தில் பிள்ளைகள் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பாடசாலையிலும் இருந்தார்கள். அரைநேரப் பிள்ளைகள் என்று பெயர். 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதிலேயே இதை அனுமதித்தது: ஆறரை மணிநேரம் வேலை, மூன்று மணிநேரம் படிப்பு. பிறகு வயதெல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 1874-ல் பத்து, 1891-ல் வந்த சட்டத்தால் பதினொன்று, 1899-ல் பன்னிரண்டு. 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது. அதுவும் நடைமுறைக்கு வர மேலும் சில வருடம் பிடித்தது. பர்ன்லியில் ஒரு லட்சத்துக்குக் கிட்டத் தறிகள் ஓடிக்கொண்டிருந்த, ஊர் உச்சத்தில் இருந்த 1910-ஐ ஒட்டிய காலத்திலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை காலையில் ஆலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

வகுப்பில் நான் கொடுக்கும் வேலை எளிது. ஒரு தாளில் 24 மணிநேரமும் காட்டும் வட்ட மணிக்கூடு ஒன்று வரையுங்கள். ஐந்து மணிக்கு ஜன்னலில் கம்பால் தட்டி எழுப்புகிறவர் வருவார். ஆறு மணிக்கு ஆலை. நெசவுக் கொட்டகையில் பிள்ளைக்குப் பெரிய நெசவாளியிடம் எடுபிடி: தார் எடுத்துக்கொடு, தறிக்கடியில் கூட்டு, அறுந்த நூலைப் பார். பன்னிரண்டரைக்கு விடுவார்கள். ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் பாடசாலை. அடுத்த வாரம் இது தலைகீழாகும்: காலையில் பாடசாலை, பிற்பகல் ஆலை. இப்போது அந்தத் தாளில் உங்கள் நாளையும் பக்கத்தில் வரையுங்கள் என்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்குவார்கள். "சார், காலைப் பாடத்தை அவர்கள் எப்போது படிப்பார்கள்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். படிக்கவே மாட்டார்கள் என்பதுதான் பதில்.

இதில் இன்னொரு கூத்து. குறித்த வகுப்புத் தரத்தில் தேறிய பிள்ளைக்குத்தான் ஆலைக்குப் போக அனுமதிச் சீட்டு. கெட்டிக்காரப் பிள்ளை முதலில் பாடசாலையை விட்டுப் போகும்! தேறவே முடியாத பிள்ளைக்கும் வழி வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக வந்தது என்று வரவுக் கணக்கைக் காட்டினால் போதும். அதை ஊரில் 'மக்குச் சீட்டு' என்றே சொல்வார்கள். படிப்பு என்பது ஆலைவாசலைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான். இதை ஒரு பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால், சரித்திரத்தில் ஆர்வமே இல்லாத பிள்ளையும் கோபப்படும்.

அரைநேர முறையை ஒழிக்கக் கூடாது என்று நின்றவர்கள் முதலாளிமார் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கங்களே பல காலம் எதிர்த்தன. வாக்கெடுப்பு வைத்தபோது பெருவாரியாக வேண்டாம் என்றார்கள். பிள்ளை கொண்டுவரும் சில ஷில்லிங் வீட்டுக்கு வேண்டியிருந்தது. விரல் பிஞ்சாக இருக்கும்போதே தொழிலைப் பழகினால்தான் கை படியும் என்ற நம்பிக்கை வேறு. இந்த இடத்தில் என் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நேர்ப்பேச்சு

கால்வாயோரம் சார், ரசித்துப் படித்தேன். ஆனால் மலர்விழியின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிப் போகிறீர்கள்.

இந்த ஊர்களுக்குப் பழம்பெருமை ஒரு நோய் என்பது என் கட்சி. ஆலை போய் ஐம்பது வருடமாகிறது, இன்னும் ஆலை, ஆலை. பிள்ளைகளுக்கு வேண்டியது நல்ல கணித ஆசிரியர். விக்டோரியா மில் கதையைப் பாருங்கள். கால்வாய் ஓரத்தில் பாழடைந்து கிடந்த நெசவாலையைப் பெரும் செலவில் புதுப்பித்து, 2013-ல் அதில் 14 வயது முதல் 19 வரைக்குமான தொழில்நுட்பப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். பாரம்பரியக் கட்டடம், புதிய கல்வி, பொறியியல் என்று ஒரே பாராட்டு. 2016-ல் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் சேரவில்லை. கட்டடத்துக்குக் கொடுத்த யோசனையில் கால்வாசியைப் படிப்புக்குக் கொடுத்திருந்தால் நடந்திருக்காது.

கால்வாயோரம்

நேர்ப்பேச்சு, அந்தப் பாடசாலை மூடியதற்குக் கட்டடம் காரணமில்லை. இங்கே பிள்ளைகள் 11 வயதில் உயர்நிலைப் பாடசாலை சேர்கிறார்கள். மூன்று வருடம் கழித்து, 14 வயதில், நண்பர்களை விட்டு வேறு இடத்துக்கு வா என்றால் யார் வருவார்? பிள்ளை போனால் அதற்கான அரசுப் பணமும் போய்விடும் என்பதால் இருக்கிற பாடசாலைகளும் அனுப்ப ஆசைப்படவில்லை. இங்கிலாந்தில் புத்தம்புதுக் கட்டடத்தில் தொடங்கிய இதே வகைப் பாடசாலைகள் பலவும் இப்படித்தான் மூடின. அந்த ஆலை வீணாகவும் போகவில்லை, பல்கலைக்கழக வளாகமாகிவிட்டது.

உங்களுக்கு எதிராக இன்னொன்றும் சொல்வேன். பொறியியல் பாடசாலை அந்த ஊரில் தோன்றியதற்கே சரித்திரம்தான் காரணம். பருத்தி விழுந்தபின் காலியான ஆலைகளில் வேறு தொழில்கள் குடியேறின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லூகஸ் நிறுவனம் ஜெட் எஞ்சினில் எரிபொருள் எரியும் கலத்தின் வேலையைப் பர்ன்லியில்தான் செய்தது. இன்றும் அங்கே விமான உதிரிப்பாகத் தொழில் இருக்கிறது. உங்கள் 'நல்ல கணித ஆசிரியர்' அந்தக் கதையைச் சொல்லிக் கணிதம் படிப்பிக்கலாமே.

நேர்ப்பேச்சு

சொல்லலாம்தான். சொல்கிறார்களா? புகைபோக்கிக்கு அல்லவா வண்ணம் தீட்டுகிறார்கள்.

தறிக்காரன்_மகன்

ஹா ஹா, அந்த அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

ஆனால் பழம்பெருமை நோய் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நோயாக இருந்தால் குவீன் ஸ்ட்ரீட் மில்லை 2016-ல் இழுத்து மூடியிருக்க மாட்டார்கள். கவுன்டி கவுன்சிலில் (மாவட்ட நிர்வாகத்தில்) பணம் இல்லை என்று ஹெல்ம்ஷோர் பஞ்சாலை மியூசியம் உட்பட ஐந்து மியூசியங்களை ஒரே வீச்சில் மூடினார்கள். உச்சத் தகுதியான முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற கட்டடம்! 2018-ல் மறுபடி திறந்தது, அதுவும் வாரத்தில் சில நாள், குளிர்காலத்தில் கிடையாது. இடைப்பட்ட வருடங்களில் நினைத்தபோது பஸ் ஏறிப் போய் ஒரு தறியைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. அதனால்தான் வண்ணம் தீட்டும் தாள்.

அதிரை_பிளாக்பர்ன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பக்கத்து ஊர். மலர்விழி தங்கச்சியின் மகள் கேட்டாளே, 'வெளிநாடுன்னா நம்ம ஊரா' என்று, அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆமாம் என்று சொல்லுங்கள், ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். முதலில் போட்டி போட்டு அழித்தது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் கைத்தறித் துணி ஐரோப்பா எங்கும் விற்ற காலம் உண்டு. அதைப் பார்த்துத்தான் இவர்கள் பருத்தி நெய்யவே ஆரம்பித்தார்கள். 1913-ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கெஜம். அதில் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு. எங்கள் பிளாக்பர்ன் நெய்ததில் பெரும்பங்கு நம் ஆட்கள் கட்டிய வேட்டி. இங்கே அதற்கு 'தூட்டி' என்று பெயர். வேட்டியே கட்டாத ஊர் கோடிக்கணக்கில் வேட்டி நெய்தது.

பருத்தி அமெரிக்காவிலிருந்து என்பதும் பாதிக் கதை. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் பஞ்சு நின்றது. நாலு வருடம் லங்காஷயரே பட்டினி. அப்போது பஞ்சு போனது நம் பக்கமிருந்து. தூத்துக்குடித் துறையிலிருந்து திருநெல்வேலிப் பஞ்சு ஏற்றுமதி எகிறியதும் அந்த வருடங்களில்தான். இந்தியப் பஞ்சு எதுவானாலும் இவர்களுக்கு 'சூரத்'. இழை குட்டை, தூசி அதிகம், நிமிடத்துக்கு நிமிடம் அறும். அறுந்தால் நெசவாளிக்குக் கூலி போயிற்று. "ஆண்டவரே பஞ்சு அனுப்பும்" என்று பாதிரியார் ஜெபிக்க, பின்னாலிருந்து ஒருவர் "சூரத் மட்டும் வேண்டாம்" என்றாராம். இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கால்வாயோரம்

அதிரை அண்ணன் சொன்ன பஞ்சத்துக்கும் பாடசாலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேலை போனவர்களுக்கு நிவாரணம் கொடுக்கும்போது சும்மா கொடுக்கவில்லை. பெண்கள் தையல் பள்ளிக்கு வர வேண்டும், ஆண்கள் எழுத்துப் படிக்க வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஆயிரக்கணக்கான வளர்ந்த நெசவாளிகள் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது வேலையில்லாக் காலத்தில்தான்.

அந்த நிவாரணக் குழுவில் முன்னின்ற ஒருவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வர்த். பர்ன்லிக்குப் பக்கம் படிஹாமில் காதோர்ப் மாளிகை அவர் மனைவி ஜேனட்டின் பரம்பரைச் சொத்து. இவர் முதலில் மான்செஸ்டரில் டாக்டர். பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளின் அவலத்தை 1832-ல் எழுதி வெளியிட்டவர். 1839-ல் அரசாங்கம் கல்விக்கென்று முதன்முதலாக ஒரு குழுவை ஏற்படுத்தியபோது அதன் செயலாளர் இவர்தான். பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவது, ஆசிரியருக்குப் பயிற்சிக் கல்லூரி, மூத்த பிள்ளைகளே படிப்பித்துப் பழகும் மாணவ-ஆசிரியர் முறை, எல்லாம் இவர் கைப்பட்டவை. பெரிய மனிதர்தான், ஆனால் படித்த தொழிலாளி கலகம் செய்யமாட்டான் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. படிஹாமில் இன்று ஷட்டில்வர்த் பெயரில் உயர்நிலைப் பாடசாலை இருக்கிறது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலர்விழி, காதோர்ப் மாளிகைக்குக் கட்டாயம் போங்கள். அந்தக் குடும்பத்தின் ரேச்சல் கே-ஷட்டில்வர்த் 1967-ல் இறக்கும்வரை துணியாகச் சேர்த்தார். பூவேலை, சரிகை, நெசவு என்று உலகம் பூராவும் இருந்து. மற்றவர்கள் பார்த்துக் கற்க வேண்டும் என்றே சேர்த்தார்.

நேர்ப்பேச்சு

சரி, கேட்கிறேன். பர்ன்லிப் பள்ளிகளில் இன்று கணிசமானவர்கள் பாகிஸ்தானி, வங்காளதேசிக் குடும்பத்துப் பிள்ளைகள். சால்வை போட்ட வெள்ளைக்காரப் பாட்டி படம் அவர்களுக்கு என்ன சொல்லும்? அது யாருடைய பாரம்பரியம்?

அதிரை_பிளாக்பர்ன்

தம்பி, அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் ஆலை மூடியபின் வந்தவர்கள் என்று நினைத்துக் கேட்கிறீர்கள் போல. ஆலையை ஓட்டவே வந்தவர்கள் அவர்கள். 1959-ல் பருத்தித் தொழில் சட்டம் என்று ஒன்று வந்தது. பழைய எந்திரத்தை உடைத்துப்போட்டால் அரசு நஷ்டஈடு தரும். மிஞ்சிய புது எந்திரத்துக்குப் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் ராப்பகல் ஓட்டியாக வேண்டும். நெசவில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களை இரவு வேலையில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளூர் ஆண்கள் அந்தக் கூலிக்கு ராத்திரியில் வர மாட்டார்கள். அப்போதுதான் பாகிஸ்தான் பக்கம் மீர்ப்பூரிலிருந்தும் இன்றைய வங்காளதேசத்து சில்ஹெட்டிலிருந்தும் ஆள் வந்தது. நான் தொழுகைக்குப் போகும் பள்ளிவாசலில் ஒரு பெரியவர், இரவு ஷிப்டிலேயே வாழ்க்கை போயிற்று, பகல் வெளிச்சத்தில் ஆலையைப் பார்த்ததே இல்லை என்பார்.

பகலில் ஓட்டியவரும் இரவில் ஓட்டியவரும் ஒரே தறியைத் தொட்டார்கள், ஒருவரை ஒருவர் வாசலில் கடந்து போனதோடு சரி. பிள்ளைகளும் தனித்தனித் தெரு, தனித்தனிப் பள்ளி. 2001 ஜூனில் இனக்கலவரத்தில் பர்ன்லி எரிந்ததே, அதன்பின் வந்த விசாரணை அறிக்கைகள் இதைத்தான் சொல்லின. அந்த ஆண்டு கலவரம் வந்த ஓல்டம், பிராட்ஃபோர்டு, பர்ன்லி மூன்றும் துணி நெய்த ஊர்களாக இருந்தது தற்செயலா?

கால்வாயோரம்

அதன் தொடர்ச்சியாகத்தான் 2006-ல் பர்ன்லியின் பழைய உயர்நிலைப் பாடசாலைகளை மூடி ஐந்து புதியவற்றைத் திறந்தார்கள். பிள்ளைகள் கலந்து படிக்கட்டும் என்பதும் ஒரு நோக்கம். பெயர்களைப் பாருங்கள்: ஒன்று கல்விக்காரர் ஷட்டில்வர்த், ஒன்று நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்து சர் ஜான் தர்ஸ்பி, ஒன்று ஊருக்குத் தெற்கேயுள்ள மலை ஹேமில்டன், ஒன்று கத்தோலிக்கப் பாடசாலை, இன்னொன்றுக்கு யூனிட்டி (ஒற்றுமை) என்றே பெயர். சுரங்க முதலாளிக்குப் பெயர் கிடைத்தது, இரவு ஷிப்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐந்தில் ஹேமில்டன் 2019-ல் மூடியும் விட்டது.

நேர்ப்பேச்சு கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அதற்குப் பதில் பாடத்தைக் கைவிடுவது இல்லை. இரவு ஷிப்டையும் பாடத்தில் சேர்ப்பது. தேசியப் பாடத்திட்டம் 7 முதல் 11 வயதுக்குள் ஒரு உள்ளூர் சரித்திர ஆய்வு கட்டாயம் என்கிறது. எதை, எப்படி என்று சொல்லவில்லை. அகாடமியாக (உள்ளூர் நிர்வாகத்தின் கையை விட்டு அரசுப் பணத்தில் தனித்து நடப்பதாக) மாறிய பாடசாலைகளுக்குத் தேசியப் பாடத்திட்டமே கட்டாயமாக இருந்ததில்லை. ஆசிரியை மனம் வைத்தால் எவ்வளவோ செய்யலாம், மனம் வைக்காவிட்டால் வண்ணப் பென்சில்.

தறிக்காரன்_மகன்

பிளாக்பர்ன் பக்கத்து நெசவூரான டார்வனுக்குக் காந்தி வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1931 செப்டம்பர், லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த சமயம். அவருடைய அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை போயிற்று என்று சொல்லப்பட்ட நெசவாளிகள் நடுவிலேயே, டார்வனின் ஸ்பிரிங் வேல் பகுதியில் தங்கினார். ஆலைப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்யும் புகைப்படம் எல்லோரும் பார்த்ததுதான். இங்கே 30 லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்கள் நாட்டில் 30 கோடிப் பேருக்கு வருடத்தில் பாதிநாள் வேலையில்லை என்று அவர்களிடமே சொன்னார். டார்வன் பர்ன்லியிலிருந்து காரில் அரைமணி.

அதே வருடம் பர்ன்லியில் வேறொரு சண்டையும் நடந்தது. ஒரு நெசவாளிக்கு நாலு தறி என்பது வழக்கம். அதை ஆறு, எட்டு என்று ஏற்றப் பார்த்தார்கள் முதலாளிகள். நெசவாளிகள் மறுக்க, 1931 தொடக்கத்தில் கதவடைப்பு. அடுத்த வருடம் மறுபடி வேலைநிறுத்தம். ஆக, வேலை போனதற்கு பகிஷ்காரம் மட்டும் காரணமில்லை. 'வெளிநாட்டுப் போட்டி' என்று கோடிட்ட இடத்தை நிரப்பினால் இதெல்லாம் அடிபட்டுப் போகும்.

மலர்விழி

அண்ணன்கள், சார் எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நேர்ப்பேச்சு, உங்களுக்கும்தான், கோபமாகக் கேட்டாலும் நான் கேட்க நினைத்ததைத்தான் கேட்டீர்கள்.

சொன்னபடி மகளோடு உட்கார்ந்து 24 மணிநேர வட்டம் வரைந்தோம். ஒரு பக்கம் 1900, ஒரு பக்கம் அவள். மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டு "தாத்தா" என்று அவளே எழுதினாள். என் அப்பா சென்னிமலையில் பத்து வயதில் தார் சுற்றினவர். பள்ளி விட்டு வந்ததும் தார்க்கட்டையில் உட்காருவார். அவரை வீடியோவில் கூப்பிட்டு மணிக்கணக்கு எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். தாளைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். ஆசிரியை அதைப் பலகையில் மாட்டி, மற்ற பிள்ளைகளையும் வீட்டில் கேட்டு வரைந்துவரச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் தன் தாத்தாவின் வட்டத்தில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கறுப்பாக அடித்துக்கொண்டு வந்தானாம். அதிரை அண்ணன், உங்களை நினைத்தேன்.

இனி ஒரு சந்தேகம். பள்ளி 1880-களில் கட்டியது என்று வாசல் கல்லில் இருக்கிறது. பழைய பதிவேடு எங்கே கிடைக்கும்?

கால்வாயோரம்

மிக நல்ல வேலை செய்திருக்கிறாள். 1862-க்குப் பிறகு அரச உதவி பெற்ற ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபர் (தலைமை ஆசிரியர்) தினப்பதிவேடு எழுத வேண்டும் என்று விதி. பிள்ளைகள் வரவு குறைந்தது, அம்மை பரவி மூடியது, இன்ஸ்பெக்டர் வந்தது, அரைநேரப் பிள்ளை மேசையில் தூங்கியது எல்லாம் அதில் வரும். முதலில் பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள், சிலவற்றில் அலமாரிக்குள் கிடக்கும். இல்லையென்றால் பிரஸ்டனில் லங்காஷயர் ஆவணக் காப்பகம். பழையவற்றைத் தருவார்கள், உயிரோடு இருக்கக்கூடியவர்கள் பெயர் வரும் ஏடுகளைத் தரமாட்டார்கள். போகுமுன் எழுதிக் கேட்டு, ஏட்டின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை மாதப் பக்கங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். பர்ன்லி ஃபேர் என்று ஆலைகள் எல்லாம் ஒன்றாக மூடி ஊரே பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறும். பாடசாலை விடுமுறையும் அதையொட்டித்தான். தேசியப் பாடத்திட்டமும் பொதுத் தேர்வு நாட்களும் இறுகும்வரை, ஆலை போன பிறகும்கூட இந்த ஊர்களின் பாடசாலைகள் ஆலை நாட்காட்டியிலேயே ஓடின. மான்செஸ்டர் ரோட்டில் கால்வாய்ச் சுங்க வீட்டில் தொண்டர்கள் நடத்தும் வீவர்ஸ் ட்ரையாங்கிள் (பழைய நெசவாலைப் பகுதி) மையம் இருக்கிறது. அங்கே அந்தக் காலத்து வகுப்பறை ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.

நேர்ப்பேச்சு

தாத்தா வட்டம் நல்லாயிருக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஆரம்பித்தது பள்ளி இல்லை, மலர்விழி. வீட்டில் நேரமுள்ள அம்மா இல்லாத பிள்ளைக்கு? என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கால்வாயோரம்

நிற்கட்டும். அதைப் பாடசாலை நிர்வாகக் குழுவில் போய்க் கேளுங்கள், பெற்றோர் பிரதிநிதி இடம் பல பாடசாலைகளில் காலியாகத்தான் கிடக்கிறது.

தறிக்காரன்_மகன்

மலர்விழி, மில்லுக்கு என்றைக்குப் போகிறீர்கள்? அன்றைக்குத் தறி ஓட்டிக் காட்டுவார்களா, எஞ்சின் ஓடுமா என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை என்றால் லீட்ஸிலிருந்து நானும் வருகிறேன், அப்பா இங்கேதான் இருக்கிறார். அவருக்கு அந்த பிக்கரைக் காட்ட வேண்டும்.